மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தில்லியிலிருந்து கோவை வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் ரயிலில் வந்த நம் சங்கத்து அன்பர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். போத்தனூர், எட்டிமடை, வாளையாறு என்று வண்டி போகிறது. இருபுறமும் மலை தெரிகிறது. ஆனால் வண்டி மலை ஏறுவதே இல்லை. ஒரு குகையில்லை, பின்னால் தள்ளும் இன்னொரு இஞ்சின் இல்லை. மும்பைப் பக்கம் போர்காட்டில் 37 அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறுகிற அதே மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் இங்கே நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் தாண்டி விடுகிறோம். தபதி ஆற்றங்கரையிலிருந்து குமரி வரை சுமார் 1,600 கி.மீ. நீளும் அந்த மலைச் சுவரில் இருக்கிற ஒரே பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய்.

அடியேன் டிப்ளமா படித்த பாதைப் பகுதிக்காரன். தண்டவாளம், ஜல்லி, மதகு, மண் சரிவு என்று முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் உடுமலைப் பக்கம்; துணைவியார் பொள்ளாச்சிக்காரர். பிறந்து வளர்ந்த ஊருக்கு இத்தனை அருகில் இருந்த மலைகளை நாங்கள் இருவரும் சேர்ந்து முழுதாகப் பார்த்ததில்லை. 2024 ஐப்பசிக் கடைசியில் மைத்துனர் மகனின் காரை வாங்கிக்கொண்டு பாலக்காட்டில் தொடங்கி, எல்லையை ஒட்டியே வளைந்து வளைந்து, இடுக்கி மாவட்டத்துக் குமுளி வழியாகப் போடிநாயக்கனூரில் இறங்கினோம். பத்து நாள் ஆயிற்று. "இந்த வயசுல மலையில கார் ஓட்டணுமாப்பா?" என்று பெங்களூரிலிருந்து மகள் தினமும் போன் செய்தாள். ஓட்டியது நான்; எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தது அவர் அம்மா.

இது ஊர் சுற்றிய கதையாக மட்டும் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். விடுமுறைக்குப் போகும் குழந்தைகள் 'ஏன் இங்கே மழை, அங்கே வெயில்?' 'ஏன் இந்த ஆறு அந்தப் பக்கம் ஓடுகிறது?' என்று கேட்டால் பதில் சொல்ல உதவும்படி, கண்டவற்றோடு காரணத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

காற்று வரும் வாசல்

கணவாயின் அகலம் சுமார் 30 முதல் 40 கி.மீ. வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடர். அதன் உச்சி ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் கோவை சுமார் 400 மீட்டரிலும் பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழாகவும் கிடக்கின்றன. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் வேகமாகப் பீய்ச்சும் அல்லவா? ஆனி, ஆடியில் அரபிக் கடலிலிருந்து வரும் காற்று முழுச் சுவரில் மோதி நின்றுவிட்டு, இந்த ஓர் இடுக்கில் மட்டும் விசையோடு புகுந்து பொள்ளாச்சி, உடுமலை வரை அடிக்கிறது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் மிகையாகவே கருதுவதில்லை. உடுமலைச் சீமையில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளும், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளும் இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து கேரளத்துக்குள் வீசும். பாலக்காட்டார் உதடு வெடிக்கிறது என்று முறையிடும் காலம் அது.

இந்த வாசல் வழியாகவே 1862-இல் ரயில் பாதை இணைந்து, சென்னை ராயபுரத்திலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை வண்டி ஓடிற்று. அரசியலிலும் இது வாசல்தான். 1766-இல் ஹைதர் அலி கோட்டை கட்டியது இங்கே. 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. யானைகளுக்கும் இதுவே வழி. நீலகிரிக் காட்டிலிருந்து இறங்கும் யானைகள் வாளையாறு, மதுக்கரைப் பகுதியில் தண்டவாளத்தைத் தாண்டுகின்றன. எத்தனையோ யானைகள் வண்டியில் அடிபட்டு இறந்திருக்கின்றன. பாதைப் பகுதியில் வேலை செய்த எவனும் அந்தக் காட்சியை மறக்க மாட்டான். மதுக்கரைப் பகுதியில் தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரி முதல் கோபுரங்களில் கேமராக்களைப் பொருத்தி, யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணிப்பொறியே கண்டுகொண்டு எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நல்ல வேலை, மற்ற இடங்களுக்கும் வர வேண்டும்.

நாங்கள் போன சமயம் கல்பாத்தித் தேர். ஐப்பசிக் கடைசியில் விசுவநாத சுவாமி கோயில் தேரும் சுற்றியுள்ள அக்கிரகாரக் கோயில்களின் தேர்களும் மூன்று நாள் ஓடிக் கடைசியில் ஓரிடத்தில் கூடும். அந்த ஆண்டு பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தல் நவம்பர் 13-இல் நடப்பதாக இருந்து, இந்த விழாவையும் கருதி 20-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. தேருக்காகத் தேர்தல் நகர்ந்த ஊர் என்று சிரித்துக்கொண்டோம். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் பாட்டிமார்களை அங்கே திண்ணையில் பார்க்கலாம். அவர்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் இருப்பார்கள்.

மேற்கே போகும் நீர் கிழக்கே திரும்பியது

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் சுமார் 45 கி.மீ. வழியில் முதலமடை. மாம்பழத்துக்குப் பேர் போனது. அதன் ஸ்டேஷன் பிளாட்பாரத்து ஆலமரங்கள் பல சினிமாப் படங்களில் வந்திருக்கின்றன. இந்தப் பொள்ளாச்சிப் பாதை 1932-இல் மீட்டர் கேஜாக வந்து, 2015-இல் அகலப் பாதையாயிற்று. ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கட்டுச் சோற்றைப் பிரித்தோம். பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களின் அமைதி அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் ஏறினோம். வெட்டிய தேக்கு மரங்களை மலை விளிம்பிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் இது. காட்டை மொட்டையடித்தபின் மீண்டும் வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற ஆங்கிலேய வனத்துறை அதிகாரி. நடந்து போகும்போதெல்லாம் கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை இடுவார் என்று அங்கே சொல்வார்கள். 1933-இல் காலமான அவருடைய சமாதி அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் போக வேண்டும். அங்குள்ள அணை தமிழ்நாட்டு அரசின் பராமரிப்பில் இருக்கிறது. "ஏனுங்க, ஊரு அவங்களுது, அணை நம்முளுது, தண்ணி யாருதுங்க?" என்றார் துணைவியார். கேள்வி சிறியது, பதில்தான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்.

ஆனைமலையின் மேற்குச் சரிவில் கொட்டும் மழை இயல்பாக அரபிக் கடலுக்குப் போவது. கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் எல்லாம் வானம் பார்த்த பூமி. எனவே நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று படிப்படியாக அணை கட்டி, மலையைக் குடைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீரைத் தாழ்வாக இறக்கி, வழியில் மின்சாரமும் எடுத்துக்கொண்டு, ஆழியாறு, திருமூர்த்தி அணைகள் மூலம் வயலுக்கு விட்டார்கள். மோட்டார் வைத்து ஏற்றுவது கிடையாது. எல்லாம் நீரின் சொந்த எடையில் நடக்கிறது. லெவல் பார்ப்பவனுக்கு இதைவிட அழகான வேலை இல்லை. சுமார் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க நீர் போதாது என்பதால் பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் மண்டலத்துக்குத் தண்ணீர் வரும் ஆண்டைப் பார்த்துத்தான் நிச்சயிக்கப்படும் என்று சொன்னால் நம்புவீர்களா?

கேரளத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-இல். நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது 1958 நவம்பர் 9 முதல். அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி.யும், கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி.யும் நாம் கொடுக்க வேண்டும். வறண்ட ஆண்டுகளில் இரு பக்கத்து விவசாயிகளும் மறியலில் உட்காருவதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். என் மாமனார் தோப்பின் தென்னையும், சித்தூர்க்காரர் நெல்லும் ஒரே குழாயில் குடிக்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் அந்தச் சண்டை புரியும்.

2022 செப்டம்பர் 21 அதிகாலை, பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பெயர்ந்து போயிற்று. ஷட்டரைச் சமன் செய்யும் எடைக்கல்லின் சங்கிலி அறுந்ததே காரணம். நிறைந்திருந்த அணையின் நீர் சாலக்குடி ஆற்றில் இறங்கி, பல டி.எம்.சி. வீணாயிற்று. நல்ல வேளையாக உயிர்ச் சேதமில்லை. ஆயிரக்கணக்கான டன் கல்லும் சிமெண்டும் அசையாமல் நிற்க, ஒரு சங்கிலிக் கண்ணி விட்டுக்கொடுத்துவிட்டது. சிக்னல் கம்பியும் ஃபிஷ் போல்ட்டும் பார்த்துப் பழகியவனுக்கு இது ஆச்சரியமில்லை.

இந்தக் காட்டில் ஒரு ரயிலும் ஓடியது. 1907 முதல் 1963 வரை, கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம்வே, சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் பக்கம் வரை சுமார் 80 கி.மீ. தேக்கும் ஈட்டியும் இறக்குவதற்காகப் போட்டது. செங்குத்தான சரிவுகளில் இஞ்சினே கிடையாது. உச்சியில் ஒரு பெரிய உருளை, அதில் கம்பி வடம். ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரம் இறங்கும்போது காலியை மேலே இழுத்துக்கொள்ளும். மேலே ஒருவர் பிரேக்கைப் பிடித்து வேகத்தை அடக்குவார். கிணற்று ராட்டினத்தின் இரண்டு பக்கமும் வாளி கட்டியது போலத்தான். லாரி வந்ததும் டிராம்வேயின் கணக்கு கட்டுப்படியாகாமல் போயிற்று.

மழை மறைவு

உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 87 கி.மீ. அமராவதி தாண்டிச் சின்னார் சோதனைச் சாவடி. பொழுது சாய்ந்தபின் காட்டுக்குள் விடுவதில்லை. பகலிலேயே கடந்து விடுங்கள். கேரளம் என்றால் பச்சை என்று நினைத்திருக்கும் குழந்தைகளுக்கு இங்கே அதிர்ச்சி காத்திருக்கிறது. முள் மரமும் கள்ளியுமாக ராமநாதபுரம் போல இருக்கும். ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள மூணாறில் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். காரணம் சுலபம். ஈரக்காற்று மேற்கிலிருந்து ஆனைமுடியில் ஏறும்போது குளிர்ந்து நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று வெறுங்கையோடு வருகிறது. இறங்க இறங்கச் சூடாகி, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறது. சின்னாருக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு நம் ஐப்பசி, கார்த்திகை மழைதான். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே. கபினி, பவானி, இந்த மலையில் பிறக்கும் பாம்பாறு. பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது.

மறையூரில் இரண்டு நாள் தங்கினோம். இயற்கையாக வளர்ந்த சந்தனக்காடு, கம்பி வேலிக்குள். பாறை மேல் முனியறைகள். நான்கு கல் பலகையை நிறுத்தி மேலே ஒன்றை மூடிய பெருங்கற்காலப் புதைவிடங்கள். கரும்பு காய்ச்சி உருண்டை பிடிக்கும் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூர், காரையூர், காந்தளூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களுக்கு அஞ்சுநாடு என்று பெயர். பல தலைமுறைக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். வெல்லம் விற்ற அம்மா, "தில்லியிலயா இருக்கீங்க? அங்க தமிழ் பேச ஆளு இருக்கா?" என்று எங்களுக்காக மிகவும் இரக்கப்பட்டார்.

மலை மேல் ஓடிய ரயில்

மூணாறு வந்ததும் கூட்டம். கடைத்தெரு, நெரிசல், சாக்லேட் விளம்பரம், அதை எழுதுவதற்கில்லை. நான் தேடிப்போனது குண்டளை ரயிலை.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை உரிமை பெற்றார். பிறகு தேயிலை வளர்ந்தது. ஆனால் பெட்டியை எப்படிக் கீழே இறக்குவது? 1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பாரம் முழுதும் ஒரே தண்டவாளத்தின் மேல். சாயாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தவை மாடுகள். 'ஈவிங்' முறை என்று பெயர். இதே முறையில் பாட்டியாலாவில் 1907-இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலின் நீராவி இஞ்சின் நம் சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த முறை குழந்தைகளை அங்கே கூட்டிப் போகும்போது, இதன் தமையன் மூணாறில் மாட்டோடு ஓடினான் என்று சொல்லுங்கள்.

1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளமும் சிறு நீராவி இஞ்சினும் வந்தன. பாதை முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிப் பக்கத்துப் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். பிறகு வண்டியில் போடிநாயக்கனூர், அப்புறம் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல். இறங்கிய வழியிலேயே அரிசியும் ஆளும் ஏறி வந்தன. திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் பின்னால் நடந்து ஏறியவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று அந்த லயங்களில் இருப்பவர்கள்.

1924 ஜூலை. மலையாளக் கணக்கில் 1099 என்பதால் கேரளம் முழுதும் அதைத் '99-ன் வெள்ளம்' என்பார்கள். மாட்டுப்பட்டிப் பக்கம் மலை சரிந்து ஆற்றை மறித்து, தேங்கிய நீர் பிறகு உடைத்துக்கொண்டு ஊரில் இறங்கியது என்பது மூணாறில் இன்றும் வழங்கும் செய்தி. ரயில் பாதை மீண்டும் போட முடியாதபடி அழிந்தது. ஆலுவாயிலிருந்து வந்த பழைய சாலையும் போயிற்று; அதற்குப் பதிலாக வேறு தடத்தில் வந்ததுதான் 1935-இல் திறந்த நேரியமங்கலம் பாலத்தின் வழியாக வரும் இன்றைய சாலை. பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டிடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தேன். பிளாட்பாரத்தின் உயரத்தை வைத்தே ஸ்டேஷன் என்று சொல்லிவிடலாம். டாப் ஸ்டேஷனோ இப்போது தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. ரயில்வே நேரப் பட்டியல் எதிலும் இல்லாத அந்த ஸ்டேஷனுக்கு மட்டும் தினமும் ஆயிரம் பேர் வருகிறார்கள்.

சரிவு

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை இறங்கி நான்கு லய வரிசைகளை மூடியது. 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன. நால்வர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியிலிருந்து வந்த குடும்பத்தார். தொடர்மழையில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். ஒரு தேநீர்க்கடைக்காரர், "ஐயா, எங்க சின்னம்மா வீடு நாலாவது வரிசை" என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

மலை ஏன் சரிகிறது? பாதைப் பகுதிக்காரனுக்கு இது அன்றாடப் பாடம். மண் சரிவு தன் அடிவாரத்தின் மேல் ஊன்றி நிற்கிறது. சாலைக்காகவோ வீட்டுக்காகவோ அடியைச் செங்குத்தாக வெட்டினால் நாற்காலியின் காலை அறுத்தது போல. இரண்டாவது, நீர். மணல் மூட்டையில் ஈரம் ஓரளவு இருந்தால் இறுகும். நிறைந்துவிட்டால் துகள்களுக்கு நடுவே நீர் அழுத்திப் பிடிப்பை விலக்கிவிடும். அதனால்தான் ரயில்வேயில் வெட்டுச் சரிவின் தலைமாட்டில் நீர்தாங்கிக் கால்வாய் வெட்டி மழைநீரை வேறு பக்கம் ஓட்டுகிறோம். தடுப்புச் சுவரில் துளை விட்டு உள்நீரை வெளியேற்றுகிறோம். மழைக்கு முன் இந்த இரண்டையும் தூர் வாராத பிரிவில் நிம்மதியான தூக்கம் கிடையாது. சோலைக்காடும் புல்வெளியும் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவை. மூணாறு - போடிமெட்டுச் சாலையில் தேவிகுளம் கேப் பகுதியை அகலப்படுத்தியபோது 2019-லும் 2020-லும் பாறை சரிந்தது நினைவிருக்கலாம். சாலை இப்போது அகலமாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டிய பாறையின் மேல்விளிம்பில் மழைநீர் எங்கே போகிறது என்பதைத்தான் என் கண் தேடிக்கொண்டிருந்தது. சில இடங்களில் கால்வாய் இருந்தது. சில இடங்களில் காணவில்லை. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, ரிட்டயர் ஆயாச்சு" என்று பக்கத்து இருக்கையிலிருந்து உத்தரவு வந்தது.

தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 செப்டம்பரில், எந்தக் கட்சித் தொழிற்சங்கத்தையும் பக்கத்தில் சேர்க்காமல், போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்பிளை ஒருமை' என்று பெயர் வந்தது. 20 சதவீதம் வாங்கினார்கள். அன்று ரூ.232 ஆக இருந்த தினக்கூலியும் அந்த ஆண்டிலேயே ரூ.301 ஆயிற்று. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. அன்றைய போராட்டத்தைப் பற்றி இங்கே கிழவர்கள் இன்னும் பேசுகிறார்கள். இளைஞர்கள் மலையாளத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, வேலைக்கு எர்ணாகுளமோ திருப்பூரோ போகிறார்கள்.

மலையில் கார் ஓட்டுவோருக்கு இரண்டு வார்த்தை. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும் கூட. ஐப்பசியில் இங்கே பெய்வது மலையாளத்தார் 'துலாவர்ஷம்' என்னும் இடிமழை. காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் கறுத்து மாலையில் கொட்டும். நாங்கள் தினமும் ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணிக்குள் விடுதி சேர்ந்தோம். சின்னக்கானல், பூப்பாறைப் பகுதியில் யானைகளும் சாலைக்கு வரும். ரேஷன் கடை அரிசியை விரும்பிய 'அரிக்கொம்பன்' இந்தப் பக்கத்தான்தான். 2023 ஏப்ரலில் கேரளம் பிடித்துப் பெரியாறு காட்டில் விட, மே மாதம் கம்பம் தெருவில் நடமாடி, ஜூனில் தமிழ்நாடு பிடித்துக் களக்காடு - முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பியது. எல்லை அவனுக்குத் தெரியாது.

999 ஆண்டு

பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாக ஏலக்காய் மணத்தில் குமுளி. தேக்கடி ஏரி என்று நாம் படகில் போவது முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய நீரே. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் (1970-இல் முப்பதாயிற்று). பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த சாந்தில் கட்டியது. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்டவர்களின் கல்லறைகள் காட்டுக்குள் இருக்கின்றன. ஏரியில் 104 அடிக்கு மேல் நிற்கும் நீர் மட்டுமே மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வரும்; லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு வைகைக்குப் போகும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை அதை நம்பி இருக்கின்றன.

கீழே பெரியாற்றங்கரையில் வாழும் கேரள மக்களுக்குப் பழைய அணை என்ற அச்சம். 1979-க்குப் பிறகு கான்கிரீட் தொப்பி, எஃகு வட நங்கூரம், பின்புறக் கான்கிரீட் சுவர் என்று பலப்படுத்தினார்கள். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. புதிய அணை வேண்டும் என்பது கேரளத்தின் கோரிக்கை. சிற்றணையையும் பலப்படுத்தி 152 அடிக்கு உயர்த்த வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கோரிக்கை. நூறு வயது தாண்டிய எத்தனையோ ரயில் பாலங்களின் மேல் நாம் தினமும் போகிறோம். ஆனால் அவற்றை ஆண்டுதோறும் அளந்து, சோதித்து, வேகத்தை நிர்ணயிக்கிறோம். அணைக்கும் கசிவு எவ்வளவு, அசைவு எவ்வளவு என்ற அளவுகளைத் தினமும் இரு மாநில மக்களுக்கும் விளங்கும் மொழியில் வெளியிட்டால் மேடைப் பேச்சில் பாதி குறையும் என்பது என் கருத்து. குமுளி டீக்கடையில் இதைச் சொன்னேன். ஒரு மலையாளி அன்பர், "சேட்டா, உங்களுக்கு வெள்ளம் வேணும், எங்களுக்கு உறக்கம் வேணும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

குமுளியிலிருந்து மலை இறங்கினால் லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம். அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு. இரு போக நெல்லும் திராட்சைப் பந்தலும். "இந்தத் தண்ணி இல்லீன்னா இது நம்ம பல்லடமாட்டத்தான் கெடக்கும்" என்றார் துணைவியார்.

கடைசியாகப் போடி. 1928-இல் வந்த மீட்டர் கேஜ் பாதை. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போய், 1950-களில் மீண்டும் போட்டு, அகலப் பாதைக்காகப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்து, 2023 ஜூன் 15-இல் மறுபடி ரயில் வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் விரைவு வண்டி நேராகப் போடி வருகிறது. எனவே கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். போடியில் இறங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு வழியாக மூணாறு போகலாம். சுமார் 68 கி.மீ.

தேதி குறித்துக்கொள்ள இரண்டு செய்தி. வரையாடுகள் குட்டி போடும் காலமாதலால் இரவிகுளம் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் மூடுவார்கள். அந்த மாதங்களில் போய் ஏமாற வேண்டாம். நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030, ஆகஸ்டுக்குப் பின். மூணாறில் அறைக்கு ஒரு வருஷம் முன்பே சொல்லி வைக்க வேண்டியிருக்கும். மறையூரில் அவ்வளவு நெரிசல் இராது.